எலும்போடு சேர்த்து உள்ளே வைக்கும் டி.பி. மருந்து: மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

உங்கள் தங்கைக்கு 27 வயது, முதுகெலும்பில் காசநோய், நெஞ்சுப் பகுதியின் ஒன்பதாவது, பத்தாவது முள்ளெலும்புகள் அரித்துவிட்டன, இரண்டு வாரத்தில் ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். "சீழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலும்பு வைப்போம், எலும்போடு டி.பி. மருந்தையும் கலந்தே வைத்துவிடுவோம்" என்று மருத்துவர் சொன்னாராம். இன்னொரு ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு "நாங்கள் அப்படி வைப்பதில்லை" என்றார்களாம். எது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி இரண்டு வரிகளைப் படிக்கும்போது, நீங்கள் உண்மையில் கேட்பது மூன்று விஷயம் என்று தோன்றுகிறது. மருந்தை நேரடியாக உள்ளே வைத்துவிட்டால் இந்த ஒரு வருட மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா? தண்டுவடத்துக்குப் பக்கத்தில் மருந்து கிடப்பது ஆபத்தா? அதை வைக்காத ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுக்கு ஏதாவது குறை வந்துவிடுமா?

முதுகெலும்பு அறுவை சிகிச்சையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது. அளவாக, சரியான இடத்தில் வைத்தால் பெரிய ஆபத்து இல்லை. வைக்காவிட்டால் குறையும் இல்லை. இதில் முதலாவது உறுதியான விஷயம். மற்ற இரண்டும் இன்று கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்து நான் எடுத்திருக்கும் முடிவு. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காரணம் புரிந்தால்தான் மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதும் புரியும்.

முதுகெலும்புக் காசநோய் பெரும்பாலும் ரத்தத்தின் வழியாக வருவது. நுரையீரலிலோ நெறிக்கட்டியிலோ எப்போதோ வந்து ஒளிந்திருந்த கிருமி, ரத்தத்தோடு போய் முள்ளெலும்பின் முன்பகுதியில், டிஸ்க்கை ஒட்டிய ஓரத்தில் உட்காருகிறது. பக்கத்துப் பக்கத்து எலும்புகள் இரண்டுக்கும் ஒரே ரத்தக்குழாயின் கிளைகள் போவதால்தான் உங்கள் தங்கைக்கு ஒன்பதும் பத்தும் சேர்ந்தே பாதித்திருக்கின்றன. எலும்பு மெல்ல மெல்ல அழுகி, பாலைத் திரித்துத் துணியில் வடிகட்டினால் மேலே நிற்குமே, அந்த மாதிரி வெண்மஞ்சளாக ஒரு பொருளாகிவிடும். அதோடு சீழ் சேரும். தொட்டால் சுடாத சீழ்க்கட்டி இது, அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடுகிறது. முன்பக்கம் கரைந்துபோனதும் மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் சாய்கிறது, முதுகில் கூன் விழுகிறது. பின்னால் ஓடும் தண்டுவடம் நசுங்கினால் கால் பலவீனமாகிறது. 1779இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் இந்தக் கூனையும் கால் வாதத்தையும் சேர்த்து விவரித்து எழுதினார். இன்றும் மருத்துவர்கள் இதை 'பாட்ஸ் ஸ்பைன்' என்று சொல்வது அதனால்தான். உங்கள் தங்கையின் ரிப்போர்ட்டிலும் அந்த வார்த்தை இருக்கக்கூடும், பயப்பட வேண்டாம், பெயர்தான் அது.

மருந்தை நேரடியாக உள்ளே வைக்கலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? விழுங்கும் மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் எலும்புக்குப் போக வேண்டும். செத்துப்போன எலும்புத் துண்டுக்கும் அந்தத் தயிர்க்கட்டி போன்ற பொருளுக்கும் ரத்த ஓட்டம் கிடையாது. நாள்பட்ட நோயில் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்தைச் சுற்றி ஒரு கடினமான எலும்புச் சுவரையும் எழுப்பிவிடும். ஆபரேஷனில் அதைக் கையால் உணர்ந்திருக்கிறேன். நல்ல முள்ளெலும்பை வழித்தால் ஈரமான செங்கல்லை வழிப்பது போல வரும். இந்தச் சுவர் தேங்காய் ஓட்டைச் சுரண்டுவது போல, சத்தமே வேறு, ஒரு சொட்டு ரத்தம் வராது. அப்படிப்பட்ட சுவரைத் தாண்டி மாத்திரையின் மருந்து உள்ளே போகுமா என்ற சந்தேகம் நியாயமானது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வாரணாசியில் டாக்டர் எஸ்.எம். டூலி குழுவினர் 1970களில் எலும்பு, மூட்டுக் காசநோய்ச் சீழிலும் திசுவிலும் மருந்தின் அளவைப் பார்த்து, கிருமியைக் கொல்லப் போதுமான அளவு உள்ளே போகிறது என்று கண்டார்கள். 2008இல் சீனாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு சற்று வேறு மாதிரி சொன்னது: கடினமான சுவர் இல்லாதவர்களுக்கு மருந்து உள்ளே போயிருந்தது, சுவர் எழும்பியவர்களுக்கு அதன் உள்ளே மருந்து கண்டுபிடிக்க முடியாத அளவில்தான் இருந்தது. இரண்டும் முரண்பட்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அந்தச் சீன ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், சுவருக்கு உள்ளே மருந்துப் பொடியைத் தூவு என்பதைவிட, ஆபரேஷனில் அந்தச் சுவரையே எடுத்துவிடு என்பதுதான்.

இந்த இடத்தில் நம் சென்னையில் நடந்த ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். முதுகெலும்புக் காசநோயைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் வேலை அது, நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 1956இல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இருவர், முன்பக்கமாகப் போய் அழுகிய எலும்பு முழுவதையும் எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ தூண் மாதிரி நிறுத்தும் முறையை வெளியிட்டார்கள். 'ஹாங்காங் ஆபரேஷன்' என்றே அதற்குப் பெயர். அதற்குப் பிறகு, எல்லோருக்கும் இந்தப் பெரிய ஆபரேஷன் தேவையா, வெறும் மருந்தே போதுமா என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொரியா, ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), ஹாங்காங், சென்னை என்று பல இடங்களில் இதைச் சோதித்தது. சென்னையில் சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையம், 1956இல் தொடங்கி இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறதே, அதுதான் இங்கே பொறுப்பேற்றது. கால் வாதம் இல்லாத நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முழு ஆபரேஷன், எலும்பு ஒட்டு (இடைவெளியில் வைக்கும் அந்த எலும்புத் தூண்), அதோடு ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு டி.பி. மருந்துகள் 6 மாதம். அடுத்த குழுவுக்கு ஆபரேஷன் இல்லை, அதே மருந்து 6 மாதம், நடமாடிக்கொண்டே. மூன்றாவது குழுவுக்கும் ஆபரேஷன் இல்லை, அதே மருந்து 9 மாதம்.

பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் குழுவில் 90 சதவீதம், இரண்டாவதில் 94, மூன்றாவதில் 99. 1999இல் இந்த முடிவு வெளியானது. 15 வயதுக்குக் கீழே, ஆரம்பத்திலேயே கூன் 30 டிகிரியைத் தாண்டியிருந்த குழந்தைகளுக்கு மட்டும் மருந்து போதவில்லை, கூன் கூடிக்கொண்டே போனது. இதை நினைத்துப் பாருங்கள். விழுங்கிய மாத்திரை நோயிருக்கும் எலும்புக்குள் போகவே போகாது என்றால், கத்தியே படாத நூறு பேரில் தொண்ணூற்று நாலு பேர் எப்படிக் குணமானார்கள்? மருந்து போகிறது. எல்லோருக்கும், எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில் போகிறது என்று சொல்லமாட்டேன். அந்த ஆய்வில் கால் விழுந்தவர்கள் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும், "மாத்திரை எலும்புக்குள் போகாது, அதனால்தான் உள்ளே வைக்கிறோம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது முழு உண்மை இல்லை.

அப்படியானால் உங்கள் தங்கைக்கு ஆபரேஷன் எதற்கு? கிருமியைக் கொல்வது மருந்தின் வேலை. தண்டுவடத்தின் மேல் இருக்கும் அழுத்தத்தை எடுப்பது, சாய்ந்த முதுகை நிமிர்த்தி நிறுத்துவது, பெரிய சீழ்க்கட்டியை வெளியேற்றுவது, நோய் இன்னதுதான் என்று உறுதியாகாதபோது திசுவை எடுத்துப் பார்ப்பது, இவை அறுவை மருத்துவரின் வேலை. காலில் பலம் குறைந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தையும் நான் பார்க்கவில்லை. அதனால் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதில் நான் தலையிடுவது சரியல்ல, பார்த்தவர் சொன்னதை நம்புங்கள்.

வைக்கப்படும் எலும்பும் முதலில் ஒரு தூண்தான். இடுப்பிலிருந்தோ விலாவிலிருந்தோ வெட்டி எடுத்தவுடன் அதற்கு ரத்தம் நின்றுவிடுகிறது, அதன் செல்களில் பெரும்பகுதி செத்துவிடும். பிறகு மேலும் கீழும் இருக்கும் நல்ல எலும்பிலிருந்து பொடிப்பொடி ரத்தக்குழாய்கள் அதற்குள் நுழைந்து, பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டுப் புது எலும்பைப் போட்டுக்கொண்டே போகும். மாதக்கணக்கில் நடக்கும் வேலை அது. தூண் நீளமாக இருந்தால் அதற்குள் அது உடையவோ நழுவவோ செய்யும். இரண்டு டிஸ்க் இடைவெளிக்கு மேல் நீளும் ஒட்டுகள் அதிகமாகத் தோற்கின்றன என்பதைத் தமிழ்நாட்டைச் சேர்ந்த டாக்டர் எஸ். ராஜசேகரனும் டாக்டர் சௌந்தரபாண்டியனும் 1989இல் காட்டினார்கள். அதனால்தான் இன்று எலும்பை மட்டும் நம்பாமல் ஸ்க்ரூ, ராடு போட்டுப் பிடிப்பு கொடுக்கிறோம், சில சமயம் டைட்டானியம் கூண்டுக்குள் எலும்புத் துண்டுகளை அடைத்து நிறுத்துகிறோம். "கிருமி இருக்கும் இடத்தில் இரும்பு வைக்கலாமா" என்று எல்லாக் குடும்பமும் கேட்கும். வைக்கலாம். மற்ற பாக்டீரியாக்கள் உலோகத்தின் மேல் ஒட்டிப் படலம் போலப் படர்ந்துவிடும், காசநோய்க் கிருமி அப்படி ஒட்டுவது மிகக் குறைவு. ஆய்வகத்தில் இதைப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள்.

இனி மருந்தை எப்படி வைக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். பெரும்பாலும் நடப்பது மிக எளிமையானது. இடுப்பெலும்பை நிலக்கடலை அளவுக்கு நறுக்கி ஒரு ஸ்டீல் கிண்ணத்தில் போட்டிருப்போம். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டி.பி. ஊசி மருந்தின் 1 கிராம் குப்பியை உடைத்து அந்த வெள்ளைப் பொடியை அதன் மேல் தூவிப் பிசைவார்கள். அல்லது ரத்தம் நிறுத்தப் பயன்படும் ஜெலட்டின் பஞ்சில் மருந்தை நனைத்து ஒட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஐசோனியாசிட் ஊசி மருந்தையும் இப்படி வைப்பதுண்டு. சீனாவில் இது பல மையங்களில் வழக்கம். அதைவிட மேம்பட்ட முறைகளும் உண்டு: மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடக்கூடிய செயற்கை எலும்புப் பொருள்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று நாம் சொல்லும் கால்சியம் சல்ஃபேட் மணிகள், எலும்பின் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட், தானாகக் கரையும் பாலிமர் உருண்டைகள், நுண்துளை நிறைந்த சிலிக்கா. ஆய்வகத்திலும் முயல்களிலும் இவை வாரக்கணக்கில் மருந்தை விட்டுக்கொண்டிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள், நல்ல வேலை அது. மூட்டு மாற்று ஆபரேஷனில் பயன்படும் எலும்பு சிமெண்டில் மருந்தைக் கலப்பதும் பழைய யோசனைதான். ஆனால் காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினைக் கலந்தால் அந்த சிமெண்ட் சரியாக இறுகாது.

கிண்ணத்தில் தூவும் அந்தப் பொடியை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடும்போது ஒரு நாளைக்கு முக்கால் கிராமிலிருந்து 1 கிராம். ஐசோனியாசிட் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். அதாவது ஆபரேஷன் மேசையில் உள்ளே வைக்கும் மருந்து ஏறக்குறைய ஒரே ஒரு நாள் மருந்து. அந்த இடத்தில் அதன் செறிவு அன்றைக்கு மிக மிக அதிகமாக இருக்கும், ரத்தத்தில் வரக்கூடியதைவிடப் பல மடங்கு. அது உண்மைதான். ஆனால் இரண்டும் தண்ணீரில் எளிதாகக் கரையும் பொருள்கள், காயத்தின் ரத்தத்தோடும் நீரோடும் சேர்ந்து விரைவில் கரைந்து போய்விடும்.

காசநோய்க் கிருமியின் சுபாவத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாதாரணமாக வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறக்குறைய ஒரு முழு நாள் எடுத்துக்கொள்ளும். அதிலும் ஒரு கூட்டம் பெருகாமல் அப்படியே அசையாமல் படுத்துக்கிடக்கும். ஐசோனியாசிட், ஸ்ட்ரெப்டோமைசின் இரண்டும் முக்கியமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் அடிக்கும். போதாததற்கு, அமிலத்தன்மை உள்ள இடத்தில் ஸ்ட்ரெப்டோமைசினின் வேகம் குறைந்துவிடும், அழுகிய திசு அப்படிப்பட்ட இடமாக இருக்கலாம். ஆக, மருந்து எத்தனை செறிவாக இருந்தாலும் ஒரு வாரத்தில் முடியக்கூடிய சண்டை இல்லை இது. படுத்துக்கிடக்கும் கிருமி என்றைக்கு எழுந்திருக்கிறதோ அன்றைக்கு அங்கே மருந்து இருக்க வேண்டும். அது ஆறாவது மாதமாக இருக்கலாம். அந்த நாளில் கிண்ணத்தில் கலந்த பொடி இருக்காது, தங்கை காலையில் விழுங்கிய மாத்திரைதான் இருக்கும். மாத்திரையை ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது என்று முதலில் நான் அவ்வளவு அழுத்திச் சொன்னது இதனால்தான்.

அந்த மாத்திரையை நோயிருந்த இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது ரத்தம். எனவே ஆபரேஷனில் நான் மிக அதிக நேரம் செலவிடுவது அந்தத் தேங்காய் ஓடு மாதிரியான சுவரை வழித்து, மேலும் கீழும் நல்ல எலும்பிலிருந்து சின்னச் சின்னப் பொட்டாக ரத்தம் கசிவதைப் பார்க்கும் வரை. அந்தக் கசிவு தெரிந்ததும்தான் எலும்பை வைப்பேன். அதே ரத்தம்தான் ஒட்டுக்கும் உயிர் கொடுக்கப்போகிறது, அதே ரத்தம்தான் நாளை முதல் மருந்தையும் கொண்டுவரப்போகிறது. ஒரு கிராம் பொடியைவிட அந்தப் பத்து நிமிட வழிப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். இதில் எல்லாரும் என்னோடு ஒத்துப்போவார்கள் என்று சொல்லவில்லை. உள்ளே மருந்து வைக்கும் நல்ல மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களும் இந்த வழிப்பை ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் வைக்கிறார்கள்.

கெடுதல் உண்டா என்று கேட்டீர்கள். தண்டுவடத்தின் மேல் உறை ஒன்று இருக்கிறது. உறை கிழியாமல் இருக்கும்வரை வெளியே எலும்பில் கலந்திருக்கும் சாதாரண அளவு மருந்து பெரிய தொந்தரவு தருவதில்லை. உறை கிழிந்து தண்டுவட நீர் கசிந்தால் அங்கே ஸ்ட்ரெப்டோமைசின் வைக்கவே கூடாது என்பது என் விதி, நரம்புக்கு நஞ்சாகக்கூடிய மருந்து அது. காதின் நரம்பு, சமநிலை, சிறுநீரகம் இவற்றையும் அது பாதிக்கும். வயிற்றில் கரு இருந்தால் குழந்தையின் செவியைக் கெடுக்கும், எனவே தங்கைக்குத் திருமணமாகியிருந்தால் ஆபரேஷனுக்கு முன் கர்ப்பப் பரிசோதனை அவசியம். காதில் ஏற்கெனவே குறை, சிறுநீரகக் குறை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மிக அதிகச் செறிவில் இந்த வகை மருந்துகள் எலும்பைக் கட்டும் செல்களின் வேலையை மந்தமாக்குவது ஆய்வகத் தட்டில் தெரிகிறது. உயிருள்ள மனிதரில் ஒட்டுப் பிடிப்பதை அது எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பது இன்னும் தீராத கேள்வி. கால்சியம் சல்ஃபேட் மணி வைத்தவர்களுக்குக் காயத்திலிருந்து சில வாரம் வெள்ளையாக நீர் வடிவதுண்டு. அது கரையும் மணியின் நீர்தான், ஆனால் வீட்டில் இருப்பவர்கள் மறுபடியும் சீழ் பிடித்துவிட்டது என்று பதறிப்போவார்கள். மணி வைக்கப்போகிறார்கள் என்றால் இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆதாரத்தின் நிலை என்ன? மருந்து வைத்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லும் கட்டுரைகள் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலானவை ஓர் ஆஸ்பத்திரியின் பழைய கேஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்து எழுதியவை, நோயாளிகள் எண்ணிக்கையும் சிறிது. முக்கியமாக, அவர்கள் எல்லோரும் கூடவே முழு மாத்திரையும் சாப்பிட்டவர்கள், நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டவர்கள், ஸ்க்ரூ போட்டு நிறுத்தப்பட்டவர்கள். அதில் எது குணமாக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சென்னையில் நடந்தது போல, குலுக்கிப் போட்டுப் பிரித்துப் பத்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வு உள்மருந்துக்கு வரவில்லை. அதனால் "நிரூபிக்கப்பட்டது" என்றும் சொல்லமாட்டேன், "பயனற்றது" என்றும் சொல்லமாட்டேன்.

எதிர்காலத்தில் இது நிச்சயம் உதவக்கூடிய ஓர் இடம் இருக்கிறது என்று நம்புகிறேன், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய். அங்கே விழுங்கும் மருந்துகள் குறைவு, பக்கவிளைவு அதிகம். இந்த வகைக் காசநோய்க்கு 6 மாதத்தில் முடியும் புதிய மாத்திரைக் கூட்டை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தபோதுகூட, எலும்பு, மூட்டுக் காசநோயை அதில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு உள்ளேயிருந்து மாதக்கணக்கில் மெல்ல வெளிவரும் ஒரு மருந்து கிடைத்தால் அது பெரிய வரமாக இருக்கும்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், லாரி ஓட்டுபவர். வேறொரு ஊரில் ஆபரேஷன் முடிந்து, எலும்பும் ஸ்க்ரூவும் வைத்து, கூடவே மருந்தும் வைத்திருந்தார்கள். "மருந்தை உள்ளேயே வெச்சாச்சு" என்று யாரோ சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். வலி போனதும் ஐந்தாவது மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு வண்டி ஏறிவிட்டார். என்னிடம் வந்தபோது இடுப்புத் தசை வழியாகச் சீழ் இறங்கித் தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். பழைய ஆபரேஷனில் எடுத்த திசுவின் பரிசோதனை முடிவைக் கேட்டேன். ஒரு தாள்தான் இருந்தது, நுண்ணோக்கியில் பார்த்து "காசநோய்க்கு ஒத்துப்போகிறது" என்று எழுதிய தாள். கிருமியை வளர்த்துப் பார்க்கவும் இல்லை, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கவும் இல்லை. நாங்கள் அந்தச் சீழை எடுத்து, காசநோய்க் கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்று காட்டும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை போட்டபோது ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி. முதலிலிருந்தே அப்படி இருந்ததா, நடுவில் நிறுத்தியதால் வந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அவர் மனைவி என் எதிரில் உட்கார்ந்து, "உள்ளே வெச்ச மருந்து என்ன ஆச்சுங்க டாக்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான், உள்ளே மருந்து வைப்பதாக இருந்தால் குடும்பத்தை உட்காரவைத்து, இது ஒரு நாள் மருந்து என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எனக்கு வந்தது.

அதனால் உங்கள் மருத்துவரிடம் "மருந்து வைப்பீர்களா" என்று கேட்பதைவிட, "எடுக்கும் சீழையும் எலும்பையும் எங்கெங்கே அனுப்புவீர்கள்" என்று கேளுங்கள். ஜீன்எக்ஸ்பெர்ட், கிருமி வளர்ப்புச் சோதனை, திசுப் பரிசோதனை மூன்றுக்கும் போக வேண்டும். முழுத் திசுவையும், கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியை உப்பு நீரில் தனியாக அனுப்ப வேண்டும். இது அவசரத்தில் தவறிப்போகும் சின்ன விஷயம், நோயாளியின் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை நினைவுபடுத்தினால் எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். பிறகு, மருந்து வைப்பதாக இருந்தால் எந்த மருந்து, எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதித்தரச் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை நம் நாட்டு வழிகாட்டுதல்படி எலும்புக் காசநோய்க்கு மொத்தம் 12 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 10 மாதம் மூன்று மருந்து. தேவைப்பட்டால் 18 மாதம் வரைகூட மருத்துவர் நீட்டிப்பார். மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது, 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. நோயில் இளைத்துப்போனவர்கள் சாப்பிட ஆரம்பித்ததும் எடை கூடும், கூடினால் மாத்திரை எண்ணிக்கையை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், இதை யாரும் கவனிப்பதில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயம் வேண்டாம், அது ரிஃபாம்பிசின். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அன்றே போய்க் காட்டுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் ரிஃபாம்பிசின் அதை வேலை செய்யவிடாது, வேறு வழிக்கு மாற வேண்டும். இதை உங்களிடம் அவள் சொல்லத் தயங்கலாம், அம்மாவையோ அண்ணியையோ விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவு செய்தால் மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தனியாரில் ஆபரேஷன் செய்தாலும் பதிவு செய்யலாம்.

இரண்டு ஆஸ்பத்திரியில் எது என்று என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மருந்து வைக்கிறார்களா இல்லையா என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கமாட்டேன். யார் இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறார், யார் திசுவை மூன்று இடத்துக்கும் அனுப்புகிறார், யார் ஒரு வருடம் கழித்தும் அவளைக் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார், அவரிடம் போவேன். கடைசியாக ஒன்று. இந்த இரண்டு வார இடைவெளியில் அவள் காலில் செருப்பு தானாகக் கழன்றுபோகிறது என்றாலோ, படியேறும்போது முழங்கால் மடங்குகிறது என்றாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை அல்லது வரவில்லை என்றாலோ, ஆபரேஷன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். நள்ளிரவாக இருந்தாலும் படுக்கவைத்தபடியே அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.